மாப்பிள்ளைக்குக் கை கொடுத்த அண்ணி

என் அண்ணிக்கு எதையும் மடிக்காமல் விடத் தெரியாது. படித்து முடித்த செய்தித்தாள், கடையிலிருந்து சாமான் வந்த பை, அண்ணன் கழற்றி நாற்காலியில் வீசிய சட்டை, எது அவள் கையில் பட்டாலும் நாலு மூலையும் ஒன்றுசேர்ந்து சதுரமாகிவிடும். பேசிக்கொண்டே மடிப்பாள். சண்டை போட்டுக்கொண்டும் மடிப்பாள். "அசந்து தூங்கிட்டேன்னா என்னையும் நாலா மடிச்சு அலமாரியில வெச்சிருவா போல" என்று அண்ணன் சொல்லுவான். "மடிக்கலாம்தான், தொப்பை வழிவிடணுமே" என்பாள் அவள்.

நான் அவளுடைய நாத்தனார். ஒரு நாத்தனார் அண்ணியை மெச்சிப் பேசுகிறாள் என்றால் கேட்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். எனக்கே சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால் அது மெச்சுவதில்தான் வந்து நிற்கிறது, நான் என்ன செய்ய?

அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகு போய், ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார முடியாமல் ஆன வருஷம்தான் அண்ணி முதன்முதலாக வீட்டுக்கு வெளியே வேலை தேடிப் போனாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஆள் எடுத்தார்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்களாம். இவளுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். கை மட்டும் சும்மா இல்லாமல் மேசைமேல் சுருண்டு கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டதாம். அன்றைக்கே ஏப்ரனைக் கொடுத்துவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து நான் ஒரு பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். என்னைக் கட்டிக்கொண்ட மனுஷனைப் பற்றி இங்கே பேசி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. அண்ணியும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அதிலிருந்த துணிகளை எடுத்து மடித்து அடுக்க ஆரம்பித்தாள். அடுத்த வாரமே சொல்லிவைத்து என்னையும் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். கொஞ்ச நாளில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஜன்னல், ஒரு குழாய், சமைக்க ஒரு மூலை. அதன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் வீட்டுக் கதவு எனக்கு எப்போதும் திறந்தேதான் இருந்தது. ஆனாலும் என் கதவை நானே திறந்து உள்ளே போகிற சுகம் இருக்கிறதே, அதை வேறு ஆள் கொடுத்து வாங்கிக்கொள்ள முடியாது. அந்த வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சாவி.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் தரைக்கடியில் இருந்தது. மேலே வார்டுகளில் அவிழ்த்த துணியெல்லாம் ஒரு தகரக் குழாய் வழியாக மூட்டை மூட்டையாகக் கீழே வந்து விழும். வலப்பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், அவற்றை ஒட்டி டிரையர்கள், கடைசியில் எங்கள் மேசை. ஒரு நீள மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். டிரையரிலிருந்து வருகிற பெட்ஷீட் நேராக வராது, முறுக்கிப் பிழிந்த கயிறு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும். அதைப் பிரித்து, உதறி, மூலையைப் பிடித்து, மடித்து, கட்டுக்கட்டாக அவரவர் தள்ளுவண்டியில் அடுக்கவேண்டும். உட்காருவதற்கு இடம் கிடையாது. வேர்த்துக் கொட்டும். சாயங்காலம் ஒவ்வொருவருடைய வண்டியையும் எடை மேடையில் ஏற்றுவார்கள். யாருடைய வண்டி எடை குறைந்ததோ அவளுக்கு மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு வரும்.

அண்ணி வருவதற்கு முன்னால் அந்த மேசையில் ஒரே பிடுங்கலாம். கனமான துணியைத் தன் பக்கம் இழுப்பது, பின்னலாக இருப்பதை அடுத்தவள் பக்கம் தள்ளுவது. அண்ணி வந்த முதல் வருஷம், கண்ணாடிக்காரி என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் தூக்கமே இல்லாமல் வேலைக்கு வந்திருக்கிறாள். சாயங்காலம் அவள் வண்டி பாதிகூட நிரம்பவில்லை. எடை மேடைக்குப் போகிற வழியில் அண்ணி தன் வண்டியிலிருந்து இரண்டு கட்டுத் துணியை எடுத்து அவள் வண்டியில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போயிருக்கிறாள். மறுநாள் இன்னொருத்தி வைத்தாள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. யார் வண்டியும் இளைத்துப் போகக் கூடாது. இதுதான் எங்கள் மேசையின் சட்டம். எழுதி வைக்கவில்லை, யாரும் மீறவும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் என் வண்டிதான் தினமும் இளைத்திருக்கும். எல்லோரும் போட்டு நிரப்பினார்கள். வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. கை பழகி, என் வண்டி நிரம்பி வழிய ஆரம்பித்ததும் எனக்குக் கணக்கு புத்தி வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்க இது என்ன உங்க அப்பா வீட்டுப் பெட்ஷீட்டா அண்ணி?" என்று கேட்டேன்.

"எவ மடிச்சா என்ன, யாரோ ஒரு நோயாளி படுக்கப்போறாங்க. நடுவுல எந்த வண்டியில போனா உனக்கு என்ன?" என்றாள்.

ஆனால் ஒன்று. தன் வண்டியில் மட்டும் யாரையும் ஒரு துண்டுகூட வைக்க விடமாட்டாள். காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்த ஒரு நாளில் நெட்டை ஒரு கட்டைக் கொண்டுவந்து அவள் வண்டியில் வைத்தாள். நெட்டை என்பது எங்கள் மேசையிலேயே உயரமானவள், வாயும் அதே உயரம். அண்ணி அந்தக் கட்டை எடுத்துத் திரும்ப நெட்டையின் வண்டியிலேயே வைத்துவிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கொடுப்பது மட்டும் இவள், வாங்குவது மட்டும் நாங்கள் என்றால் அதில் கொஞ்சம் திமிரும் இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை வந்தார்.

வந்தது ஒரு இயந்திரம். மரப்பெட்டிகளில் வந்தது. கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. மேலதிகாரிகள் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இரும்புக் கைகள், அவற்றுக்கு மேலே கேமரா கண்கள், கீழே ஓடுகிற பட்டை. துணியைத் தானே எடுத்து, மூலையைத் தானே கண்டுபிடித்து, தானே மடித்து, தன் வண்டியில் தானே அடுக்குமாம். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். சூடு ஆகாது என்று அதன் தலைக்கு நேரே ஏசி வைத்தார்கள். நாங்கள் வருஷக்கணக்காக ஒரு மின்விசிறி கேட்டுக் கெஞ்சியிருக்கிறோம்.

நெட்டை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "வந்ததும் வராததுமா காத்து வேணும், தனி இடம் வேணும், எல்லாரும் தள்ளி நிக்கணும். இது மெஷின் இல்லடி, மாப்பிள்ளை!" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

துண்டு, தலையணை உறை மாதிரி சின்னத் துணிகளை மாப்பிள்ளை அழகாகவே மடித்தார், குறை சொல்லக் கூடாது. பின்னிக்கொண்டு வருகிற பெட்ஷீட்டைக் கண்டால்தான் தகராறு. இந்தக் கை ஒரு பக்கம் இழுக்கும், அந்தக் கை இன்னொரு பக்கம் இழுக்கும். சிவப்பு விளக்கு எரியும், கீய்ங் கீய்ங் என்று கத்தும், நின்றுவிடும். "முறுக்கிக்கிட்டாரு" என்று நாங்கள் சிரிப்போம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அது நின்றால்தானே நாங்கள் நிற்க முடியும்!

ஆனால் அதோடு ஒரு மனுஷனும் வந்திருந்தான். இயந்திரம் விற்ற கம்பெனியின் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும், தலை வழுக்கை. ஒவ்வொரு தடவை சிவப்பு விளக்கு எரியும்போதும் ஓடிவந்து சரிசெய்வான். அப்புறம் ஃபோன் வரும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "சரிங்க சார், பார்த்துடறேன் சார், தப்புதான் சார்" என்பான். அந்தப் பக்கம் கத்துவது எங்கள் மேசை வரைக்கும் கேட்கும். ஒரு நாள் மதியம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"சாப்பிடலியா தம்பி?" என்று அண்ணி கேட்டாள்.

"இறங்கலக்கா. இது இந்த மாசம் ஒழுங்கா ஓடலைன்னா அப்புறம் கம்பெனி என்னை வெச்சுக்காது."

அவ்வளவுதான். அண்ணி மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டாள். டிரையரிலிருந்து வந்த துணிக்குவியலில் கைவிட்டு, பின்னலைப் பிரித்து, ஒவ்வொரு பெட்ஷீட்டையும் ஒரு மூலை மேலே தெரிகிற மாதிரி மாப்பிள்ளையின் முன்னால் வைத்தாள். இரும்புக் கை வந்து அந்த மூலையைப் பிடித்தது, தூக்கியது, மடித்தது. விளக்கு எரியவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. மெக்கானிக் அன்றைக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்டான்.

மறுநாள் கண்ணாடிக்காரியும் போய்ப் பிரித்துப் போட்டாள். "மாப்பிள்ளைக்குத் தலை சீவி விட்டுட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு முறைவைத்துப் போக ஆரம்பித்தார்கள், நெட்டை உட்பட. அதுகூடப் பரவாயில்லை. முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், எடை மேடைக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அண்ணி தன் வண்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்து மாப்பிள்ளையின் வண்டியில் வைத்தாள்.

"அண்ணி, அது மெஷின்."

"தெரியுது. வண்டி இளைச்சிருக்குல்ல?"

நான் மட்டும் அந்த மாதம் முழுக்க மாப்பிள்ளை இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மாதம் முடிந்தது. மேனேஜர் மேடம் எங்கள் மேசைக்கு வந்தார். கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். அவருக்கும் அன்றைக்கு முகம் சரியில்லை. "மெஷின் நாம நினைச்சதைவிட நல்லா வேலை செய்யுது. ரெண்டு பேர் வேலையை ஒண்ணே செய்யுது. வெச்சுக்கறதுன்னு மேலே முடிவு பண்ணிட்டாங்க. அதனால இந்த மேசையில ஒருத்தரைக் குறைக்கச் சொல்றாங்க. கடைசியா சேர்ந்தவங்க..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

கடைசியாகச் சேர்ந்தவள் நான். கை தானாகக் கழுத்துக்குப் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணி! மாமியார் மாதிரி அந்த மாப்பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி வளத்தீங்க. இப்ப அது நிக்குது, நான் போறேன். உங்களுக்கு என்ன, நல்ல பேரு. எனக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் உங்க வாசல்!"

"எங்க வீடு உனக்கு..."

"எனக்கு உங்க வீடு வேணாம். எனக்கு என் சாவி வேணும்."

அவள் கையிலிருந்த காலிப் பையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அவள் குனிந்து எடுத்து, தூசி தட்டி, மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அண்ணி நேராக மெக்கானிக்கிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன். "தம்பி, நாங்க கை குடுத்ததை நான் மேடம்கிட்ட சொல்லப்போறேன். உனக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு முதல்ல உங்கிட்ட வந்தேன்" என்றாள். "சொல்லிடுங்கக்கா. நானே சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றான். அவனும் கூடவே வந்தான்.

மேனேஜர் அறையில் அண்ணி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பின்னலைப் பிரித்துக் கொடுத்தது, மூலையைக் காட்டி வைத்தது, கட்டுகளைத் தூக்கி அதன் வண்டியில் போட்டது, ஒன்று விடவில்லை.

மேடம் பேனாவை மேசைமேல் வைத்தார். "எடையில ஏமாத்தியிருக்கீங்க."

"ஏமாத்தணும்னு செய்யல மேடம். பழக்க தோஷம்."

"இதுக்கு உங்களையே வேலையை விட்டு அனுப்பலாம், தெரியுமா?"

"தெரியும் மேடம். அனுப்பித்தான் ஆகணும்னா என்னை அனுப்புங்க. ஆரம்பிச்சது நான். இவ ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போனதில்ல. இவளை விட்டுடுங்க."

கதவருகே நின்றுகொண்டிருந்த எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நேற்று நான் அவளைத் தெருவில் வைத்துக் கத்தியதை எல்லாம் எடுத்து, மடித்து, எங்கேயோ வைத்துவிட்டு இங்கே வந்து நிற்கிறாள். அண்ணனுக்கு மருந்து வாங்குவதே இவள் சம்பளத்தில்தான். அது இவளுக்குத் தெரியாதா என்ன?

மேடம் மெக்கானிக்கைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். "சரி" என்றார் அவர். "நாளைக்கு நான் வந்து நிக்கிறேன். ஒருத்தரும் மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. அது தனியா என்ன செய்யுதுன்னு என் கண்ணால பார்த்துட்டு மேலே பேசறேன்."

அன்றைக்கு முழுவதும் மேசையில் திருவிழாக் களை. நெட்டை எல்லோருக்கும் பாடம் நடத்தினாள். "நாளைக்கு எவளாவது கையை நீட்டினீங்க, அந்தக் கையை ஒடிச்சு டிரையர்ல போட்டுடுவேன். அது முறுக்கணும், கத்தணும், நிக்கணும். நாம பார்த்துக்கிட்டே இருக்கணும். புரியுதா?" எல்லோரும் அண்ணியைத்தான் பார்த்தார்கள். அவள் மேல்தான் யாருக்கும் நம்பிக்கை இல்லை. "நான் கையைக் கட்டிக்கறேன்" என்றாள் அவள். சொன்னபடியே மறுநாள் ஏப்ரனின் நாடாவை இரண்டு மணிக்கட்டிலும் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

சுவரை ஒட்டி வரிசையாக நின்றோம். மேடம் ஒரு பக்கம், மெக்கானிக் ஒரு பக்கம். மாப்பிள்ளையைத் தட்டிவிட்டார்கள். முதலில் துண்டுகள் வந்தன, ஜோராக மடித்தார். அப்புறம் டிரையர் பெட்ஷீட்டுகளைக் கொட்டியது. இரும்புக் கைகள் இறங்கின. பிடித்தன, இழுத்தன, சிக்கின. சிவப்பு விளக்கு. கீய்ங் கீய்ங். மெக்கானிக் போய் எடுத்துவிட்டு மறுபடியும் தட்டினான். மறுபடியும் சிக்கல். மேடத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது. என் மனசுக்குள் மத்தாப்பு. இழு, இன்னும் இழு, நல்லா முறுக்கிக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியின் விரல்கள் அந்த நாடாவுக்குள்ளேயே துடித்துக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த குவியல் குழந்தைகள் வார்டிலிருந்து வந்தது. சின்னச் சின்ன விரிப்புகள், மஞ்சள் வாத்துப் படம் போட்டவை. துவைத்துத் துவைத்து இழை தேய்ந்து மெலிந்து போனவை. அதில் ஒன்று இரண்டு பெரிய பெட்ஷீட்டுகளுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு இரும்புக் கை அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தது, இன்னொன்று மறு ஓரத்தை. இரண்டும் இழுத்தன. வாத்தின் கழுத்து நீண்டது. நூல் தெறிக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மஞ்சள் கோடு என் காலுக்குப் பின்னால் இருந்தது. என் கை அந்த முறுக்குக்குள்ளே இருந்தது. விரல் போய்ப் பின்னலைத் தேடிப் பிடித்து, உருவி, வாத்து விரிப்பை விடுவித்து, ஒரு உதறு உதறி, மூலை மேலே தெரிகிற மாதிரி வைத்துவிட்டது. இரும்புக் கை வந்து அதை எடுத்துக்கொண்டுபோய் மடித்தது. விளக்கு எரியவில்லை.

நெட்டை தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என் கையைப் பார்த்தேன். என் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்!

மேடம் கிட்டே வந்தார். "கடைசியா சேர்ந்தவங்க நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"இது தோத்துப்போனாத்தானே உங்க வேலை நிக்கும்?"

"ஆமா மேடம்."

"பின்ன ஏன் போனீங்க?"

"கிழிஞ்சிருக்கும் மேடம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிய கைகளோடு, தோள் குலுங்க, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "பார்த்தீங்களா மேடம், யாரு வேலை போகப்போகுதோ அவ கையே சும்மா இருக்கல. நாங்க என்ன பண்றது?" என்றாள். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் ஒரு கை இல்லாமல் இந்த இயந்திரம் ஓடாது, துணியையும் கிழிக்கும் என்று மேடம் மேலே சொன்னார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேச்சு நடந்தது, இயந்திரக் கம்பெனியில் இரண்டு நாள். கடைசியில், இயந்திரமும் இருக்கட்டும், நானும் இருக்கட்டும், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பதே என் வேலையாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மெக்கானிக்கின் கம்பெனியும், எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்பியவன் என்று அவனை வைத்துக்கொண்டது.

எல்லோரும் பிழைத்தோம் என்று கலைந்து போகிற நேரத்தில் அண்ணி மேடத்திடம் இன்னொன்று கேட்டாள். "மாப்பிள்ளை வண்டியும் எங்க வண்டிகளோட சேரணும் மேடம்."

"சேரணும்னா?"

"அது ரெண்டு பேர் வேலை செய்யுதுன்னு சொன்னீங்கல்ல. அப்ப அது வண்டி ரொம்பினா எங்க வண்டிக்கும் கொஞ்சம் வரட்டும். எங்கள்ல ஒருத்தி மாத்தி ஒருத்தி செத்த நேரம் உக்காந்துக்கறோம். இந்த நெட்டைக்கு நின்னு நின்னு இடுப்பு போயிடுச்சு."

மேடம் யோசித்தார். "எல்லா வண்டியும் சேர்ந்து மொத்த எடை சரியா இருந்தாப் போதும். எந்த வண்டியில என்ன இருக்குன்னு நான் குனிஞ்சு பார்க்கப் போறதில்ல" என்றார். மறு வாரம் எங்கள் மேசைப் பக்கம் ஒரு ஸ்டூல் வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த அறையில் நாங்கள் பார்த்த முதல் ஸ்டூல். நெட்டை அதில் உட்கார்ந்ததும், "மாப்பிள்ளை வீட்டுச் சீதனம்டி" என்றாள்.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். போன வருஷம் மாப்பிள்ளைக்குப் புதுக் கைகள் வந்தன. சின்ன விரிப்புகளின் பின்னலை இப்போது தானே பிரித்துக்கொள்கிறார். நெட்டை வேலையை விட்டு நின்றபோது அவள் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சாவி இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. சில நாள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் அண்ணிக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் தேய்த்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் இருங்கள் என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா? நாள் முழுக்க இடது கையால் மடித்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னதற்கு, "கை வலிக்குதுன்னா காலை எதுக்கு உக்கார வைக்கணும்?" என்றாள். சாயங்காலம் எடை மேடைக்குப் போகும்போது பார்த்தேன். அவள் வண்டி இளைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் அதைத் தள்ளிக்கொண்டு போனாள்.

என் வண்டியிலிருந்து எடுத்து வைத்தால் திருப்பித் தந்துவிடுவாள் என்று தெரியும். நான் மாப்பிள்ளையின் வண்டிக்குப் போனேன். நிறைந்து நின்றது. அதிலிருந்து மூன்று கட்டை எடுத்து வந்து அண்ணியின் வண்டியில் வைத்தேன்.

அவள் நின்றுவிட்டாள். "எடு" என்றாள்.

"நான் வெக்கல அண்ணி. மாப்பிள்ளை குடுத்தாரு."

"விளையாடாத. எடு."

"வேணாம்னா அவர் முறுக்கிக்குவாரு. வந்த புதுசுல அவர் வண்டி இளைச்சிருந்தப்ப யாரு கட்டைத் தூக்கிப் போட்டாங்கன்னு அவருக்கு ஞாபகம் இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்த இரும்புக் கைகளையும் பார்த்தாள். அவை அன்றைய வேலை முடிந்து தொங்கிக்கொண்டிருந்தன. மேலே இருந்த கட்டை இடது கையால் எடுத்தாள். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்து, "மடிப்பு கொஞ்சம் கோணல்னு சொல்லு உன் மாப்பிள்ளைகிட்ட" என்றாள். தன் வண்டியிலேயே அதை நேராக அடுக்கி வைத்துக்கொண்டாள்.

நான் வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடை மேடையில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. எதுவும் இளைத்திருக்கவில்லை.